300 ஃபிளாட், 601 குவெரி: ஓ.ஆர்.எம்.மில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

(ஓ.ஆர்.எம். என்பது டேபிள் வரிகளை புரோகிராமில் ஆப்ஜெக்டாகக் காட்டும் லைப்ரரி. பேசுகிறவர்கள் இங்கே அவரவர் பெங்களூரு ஏரியாவின் பெயரில்.)

பெல்லந்தூர்:
அபார்ட்மெண்ட் மெயின்டனன்ஸ் கணக்கு ஆப். ஃபிளாட், ஓனர், பில் என்று மூன்று டேபிள். பட்டியலில் 300 ஃபிளாட். லூப்புக்குள் ஃபிளாட்.ஓனர்.நேம் என்று எழுதினால் பார்க்க வெறும் ஆட்ரிபியூட்தான், ஆனால் அந்தப் புள்ளிக்குப் பின்னால் ஒரு குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் ஒரு கேள்வி, ஓடுகிறது. ஃபிளாட் பட்டியலுக்கு 1, ஓனருக்கு 300, பில்லுக்கு 300, மொத்தம் 601. டேட்டாபேஸ் அதே மெஷினில் இருந்தால் யாருக்கும் உறைக்காது. புரோகிராம் பெங்களூரு லேப்டாப்பிலும் டேட்டாபேஸ் மும்பை ரீஜனிலும் இருந்து, ஒரு போக்குவரத்துக்கு 20 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொண்டால், காத்திருப்பு மட்டுமே 12 செகண்டு. டேங்கர் வாசலில் நிற்கக் குடத்தைத் தூக்கிக்கொண்டு 600 நடை நடக்கிற கதை.

பைத்தானின் ஜாங்கோ ஓ.ஆர்.எம்.மில் இதற்கு மருந்து, ஓனருக்கு செலக்ட்_ரிலேட்டட், பில்லுக்கு ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட். முன்னது ஜாயின், இரண்டு டேபிளையும் ஒரே குவெரியில் இணைப்பது. பின்னது இன்னொரு குவெரியில் ‘இன்’ போட்டு மொத்தமாக எடுத்து, பைத்தானில் கோத்துக்கொள்ளும். 601 இப்போது 2.

கோரமங்களா:
அந்த 2 நிலைக்காது தலைவரே. ப்ரீஃபெட்ச் செய்த பில்களின் மேல் லூப்புக்குள் ஒரு ஃபில்டர் போட்டால், எடுத்து வைத்ததைத் தொடாமல் மறுபடி டேட்டாபேஸுக்கே போகும். ஃபிளாட்டுக்கு ஒன்று வீதம் 300 குவெரி திரும்ப வந்துவிடும், ப்ரீஃபெட்ச் செய்த செலவும் தண்டம். 5 வருடப் பில் என்றால் ஃபிளாட்டுக்கு 60, மொத்தம் 18,000 வரி. திரையில் காட்டுவதோ போன மாதத்துப் பில் மட்டும். ப்ரீஃபெட்ச் ஆப்ஜெக்டுக்குள்ளேயே மாதத்தை ஃபில்டர் செய்து, டு_ஆட்டரில் தனிப் பெயர் கொடுத்துவிடுங்கள். 300 வரியோடு முடிந்தது.

ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்:
ஜாவா பக்கம் இதைவிடக் குசும்பு. ஜாவாவின் ஓ.ஆர்.எம். விதிமுறையான ஜே.பி.ஏ.வில் மெனி-டு-ஒன் உறவு (பல ஃபிளாட்டுக்கு ஒரு ஓனர் மாதிரி), சொல்லாமல் விட்டாலே ஈகர், அதாவது கேட்காமலே எடுத்துவிடும். ஓனரைத் தொடவே வேண்டாம், அதன் குவெரி மொழியான ஜே.பி.க்யூ.எல்.லில் ஃபிளாட்டைக் கேட்டாலே ஓனருக்கான குவெரிகள் பின்னாலேயே வரிசையாகப் போகும். அதனால் எல்லா மெனி-டு-ஒன்னுக்கும் லேஸி (தொட்டால் மட்டும் எடு) என்று கையால் எழுதுங்கள், தேவைப்படும் குவெரியில் மட்டும் ஜாயின் ஃபெட்ச், அதாவது ஜாயினிலேயே சேர்த்து எடுப்பது.

பில் லிஸ்ட், புகார் லிஸ்ட் இரண்டையும் ஒரே குவெரியில் ஜாயின் ஃபெட்ச் செய்தால், ஜே.பி.ஏ.வை நடத்தும் லைப்ரரியான ஹைபர்நேட் மல்டிபிள்-பேக்-ஃபெட்ச் எக்ஸெப்ஷன் என்ற எரரை வீசும். லிஸ்ட்டை செட் ஆக மாற்று என்று ஒரு வைத்தியம் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அதில் எக்ஸெப்ஷன் போகும், நோய் போகாது: ஒவ்வொரு பில்லும் ஒவ்வொரு புகாரோடும் ஜோடி சேரும். 12 பில், 10 புகார் என்றால் ஃபிளாட்டுக்கு 120 வரி, 300 ஃபிளாட்டுக்கு 36,000. தனித்தனியாக எடுத்தால் 6,600தான். பேட்ச் சைஸ் (ஒரு குவெரியில் எத்தனை ஃபிளாட்டுக்கு எடுப்பது) 50 வைத்தால் ஒவ்வொரு லிஸ்ட்டுக்கும் 6 குவெரி, அவ்வளவுதான்.

லிஸ்ட்டின் ஜாயின் ஃபெட்ச்சோடு பேஜினேஷனும் (பக்கத்துக்கு 20 ஃபிளாட் மாதிரி) சேர்த்தால் ஹைபர்நேட் எல்லா வரியையும் மெமரிக்கு இழுத்து அங்கேதான் 20ஐ வெட்டும். லாகில் ஒரு வார்னிங் வரும், யார் படிக்கிறார்கள்? முதலில் 20 ஐ.டி., பிறகு அந்த ஐ.டி.களுக்கு மட்டும் ஜாயின் ஃபெட்ச்.

மல்லேஸ்வரம்:
மெதுவாக ஓடினால் திட்டு வாங்குவதோடு போகும். டெலீட்டில் தப்பினால் கணக்கே போய்விடும், அதைச் சொல்லுங்கள். ஜாங்கோ 2.0 முதல் ஆன்_டெலீட், அதாவது தாய் வரி அழிந்தால் பிள்ளை வரியை என்ன செய்வது என்பது, கட்டாயம். யோசிக்காமல் கேஸ்கேட் (சேர்ந்தே அழி) என்று அடித்துவிட்டு நகர்கிறார்கள். யாரோ ஒரு ஃபிளாட்டை அழித்தால் அதன் பில் வரலாறும் கூடவே போகும். பணம் சம்பந்தப்பட்ட டேபிளுக்கு ப்ரொடெக்ட் (அழிக்க விடாதே) போடுங்கள். இந்தக் கேஸ்கேட் பைத்தானில் நடப்பது, டேட்டாபேஸுக்கு அது தெரியாது. நேராக எஸ்.கியூ.எல்.லில் அழித்துப் பார்த்தால் ஃபாரின் கீ (பில்லை அதன் ஃபிளாட்டோடு கட்டும் ஐ.டி.) எரர்தான் வரும்.

பைத்தானின் இன்னொரு ஓ.ஆர்.எம்.மான எஸ்.கியூ.எல்.ஆல்கெமி வேறு குணம். ஒன்றும் சொல்லாவிட்டால் தாய் வரியை அழிக்கும்போது பிள்ளை வரிகளின் ஃபாரின் கீயைக் காலியாக்கப் பார்க்கும். அந்த நெடுவரிசை நாட் நல் (காலியாக இருக்கக் கூடாதது) என்றால் எரர். சேர்ந்தே அழிய வேண்டுமானால் கேஸ்கேடில் ‘ஆல், டெலீட்-ஆர்ஃபன்’ கொடுக்க வேண்டும்.

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், ஃபாரின் கீ நெடுவரிசைக்குத் தானாக இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போடாது. ஜாங்கோ போட்டுக்கொடுக்கும்; ஹைபர்நேட்டிலும் எஸ்.கியூ.எல்.ஆல்கெமியிலும் நீங்கள்தான் போட வேண்டும். இல்லையென்றால் ஒரு ஃபிளாட்டை அழிக்கவே பில் டேபிள் முழுவதையும் தேடும்.

கோரமங்களா:
ஹைபர்நேட்டில் ஆர்ஃபன் ரிமூவல் (லிஸ்ட்டிலிருந்து விலகிய பில்லை அழிப்பது) இருக்கும்போது பில் லிஸ்ட்டுக்குப் புது லிஸ்ட்டை செட் செய்யாதீர்கள், எரர் வரும். இருக்கிற லிஸ்ட்டையே கிளியர் செய்து ஆட்ஆல். இன்னொன்று, மேப்ட்-பை இருக்கும் பக்கம் (இங்கே ஃபிளாட்டின் பில் லிஸ்ட்) உறவை டேட்டாபேஸில் எழுதாது. லிஸ்ட்டில் சேர்த்துவிட்டு பில்லில் ஃபிளாட்டை செட் செய்ய மறந்தால் ஃபாரின் கீ காலியாகவே போகும்.

பெல்லந்தூர்:
இந்தக் கூடுதல் குவெரிகளை டெஸ்ட்டில் பிடிக்க ஜாங்கோவில் குவெரியை எண்ணும் அசெர்ட்-நம்-குவெரிஸ், எஸ்.கியூ.எல்.ஆல்கெமியில் லேஸி இடத்தில் ‘ரெய்ஸ்’ (ரகசியமாகக் குவெரி போனால் எரர்). 3 ஃபிளாட்டோடு ஒரு முறை, 30 ஃபிளாட்டோடு ஒரு முறை ஓட்டுங்கள். குவெரி எண்ணிக்கை மாறினால் எங்கோ ஒரு புள்ளி லூப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது.