காக்கா வாயில் சீஸ், சீஸில் பென்சில் ஓட்டை: அழிக்கலாமா?

பிடோக் காக்கா

வணக்கம். ஒன்பது வருடமாக ஒரே கதையின் படப்புத்தகங்களை மட்டும் சேர்க்கிறேன்: காக்காவும் நரியும். இதுவரை 23 புத்தகம். ஈசாப் தொகுப்போ தனிக்கதையோ, அந்தக் காக்காவை யார் எப்படி வரைந்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்.

போன சனிக்கிழமை இங்கே சிங்கப்பூரில், பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஆங்கில ஈசாப் ஒன்று கிடைத்தது. 6 வெள்ளி. கடையிலேயே நின்று புரட்டினேன். கிளையில் காக்கா, அலகில் மஞ்சள் முக்கோணமாகச் சீஸ். அந்த முக்கோணத்தின் மேல் யாரோ பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, நடுவில் சின்ன ஓட்டையும் போட்டிருக்கிறார்கள். கீழே ‘வடை’ என்று எழுத்து. ‘ட’ இடவலம் மாறிக் கிடக்கிறது. அழுத்தி எழுதியதால் பின்பக்கத்தைத் தடவினால் விரலுக்குத் தட்டுப்படுகிறது. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. நம் வீட்டுப் பிள்ளை ஒன்று ஈசாப்பைத் திருத்தியிருக்கிறது!

‘ரப்பர் போட்டு அழித்துவிடு, மதிப்பு கூடும்’ என்கிறார் தோழி ஒருவர். எனக்கு மனசு வரவில்லை. ஆனால் பென்சில் தாளைக் கெடுக்குமா? அப்புறம், ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளிகள், திறந்தால் பூஞ்சை வாடை. மற்ற புத்தகங்களோடு பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையில்) வைக்கலாமா?

கேமரா பெட்டி

பாம் ஷெல்டர் வேண்டவே வேண்டாம். கதவைச் சாத்தினால் ஈரம் உள்ளேயே நிற்கும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். கேமராவுக்கு வாங்கிய என் டிரை கேபினெட்டில் (ஈரத்தைக் குறைத்து வைக்கும் பெட்டியில்) கீழ்த்தட்டு முழுக்கப் பிள்ளைகளின் படப்புத்தகம்தான். ஈரப்பதத்தை 50 விழுக்காட்டில் வைத்திருக்கிறேன். ரொம்பக் குறைத்தால் பசை வறண்டு முதுகு விட்டுப்போகும்.

புதிதாக வந்ததை உடனே மற்றவற்றோடு சேர்த்துவிடாதீர்கள். முதலில் மின்விசிறிக் காற்றில் நன்றாக உலரட்டும். தாளைத் தின்னும் ராமபாணப் பூச்சி இருக்குமோ என்று தோன்றினால், காற்றுப் புகாத பையில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லையென்றால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். பழுப்புப் புள்ளி போகாது. பிளீச் கிளீச் என்று எதையும் தடவாதீர்கள்.

தாத்தா அலமாரி

அம்மா, அழிக்காதீர்கள். பென்சில் கரி தாளை அரிக்காது. ரப்பர் போட்டால் அச்சின் மஞ்சளும் சேர்ந்து மங்கும், தாளின் மேல்தோல் உரியும். என் மகள் நான்கு வயதில் ஓர் ஆமையின் முதுகில் போட்ட கிறுக்கலை இப்படித்தான் அழித்தேன். ஆமையின் ஓடும் போனது, அவள் கைவேலையும் போனது. இன்றும் அந்தப் பக்கத்தைத் திறக்கக் கை வருவதில்லை.

புத்தகம் எவ்வளவு பழையது என்று பார்க்கும்போது, காப்புரிமை வருடத்தை அச்சான வருடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மிலோ விண்டர் ஈசாப்புக்குப் படம் வரைந்தது 1919இல். மறுபதிப்பிலும் அதே வருடம் நிற்கலாம். காக்கா இல்லாத புத்தகம்தான், இருந்தாலும் சொல்கிறேன்: ஜெர்ரி பிங்க்னி 2009இல் வரைந்த சிங்கமும் எலியும். முன்னட்டையில் தலைப்பே கிடையாது, சிங்கத்தின் முகம் மட்டும். அதற்கு 2010இல், அமெரிக்காவில் படப்புத்தகத்துக்குத் தரும் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது. உறையில் பதக்கம் அச்சாகியே இருந்தால் அது விருதுக்குப் பிந்திய பிரதி. ஒன்று வாங்கிப் பாருங்கள்.

தமிழ் டீச்சர், உட்லண்ட்ஸ்

அந்தக் குழந்தை செய்தது இந்தக் கதைக்குப் பழக்கமான காரியம்தான்! பழைய கிரேக்க உரைநடையில் காக்காவிடம் இருப்பது இறைச்சி. லத்தீனில் எழுதிய ஃபீட்ரஸ், ஜன்னலிலிருந்து திருடிய சீஸ் என்கிறார். 1668இல் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபொந்தேனிடமும் சீஸ்தான். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் 294ஆவதைப் பாருங்கள்: நரி புகழ்கிறது, காக்கா நாவல் பழத்தை உதிர்த்துவிடுகிறது. நம்மிடம் வரும்போது வடை, கூடவே ஒரு பாட்டி. காக்கா வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடும் கதையை என் மாணவர்கள் கேட்டுக் கேட்டுச் சொல்ல வைப்பார்கள். உங்கள் 23இல் பாட்டி எத்தனையில் இருக்கிறார்?

பிடோக் காக்கா

டீச்சர், உங்கள் கேள்விக்காக எல்லாவற்றையும் இறக்கி எண்ணினேன். பாட்டி நான்கே புத்தகத்தில். இன்னொன்றில் வடைச் சட்டி மட்டும் தெரிகிறது, பாட்டி இல்லை. பாட்டியை நன்றாக வரைந்த புத்தகம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

பென்சிலைத் தொடப்போவதில்லை. புத்தகம் மின்விசிறிக்குக் கீழே விரிந்து கிடக்கிறது. உள்ளட்டையில் பெயரை அடித்துவிட்டு ‘தொடக்கநிலை 2’ என்று மட்டும் விட்டிருக்கிறார்கள். அதே பென்சில், அதே அழுத்தம். சின்ன வயதில் ஈசாப் புத்தகத்தில் வடை வரைந்த ஞாபகம் இங்கே யாருக்காவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். தேக்காவில் ஒரு காப்பிக் கடையில் சந்திப்போம், புத்தகத்தைக் கொண்டுவருகிறேன்.