இசிஜியில் இயந்திரம் அச்சிடும் க்யூடிசி எண்ணை எவ்வளவு நம்பலாம்?

செவிலியர், பென்னாகரம் வட்டாரம்:
வணக்கம். மூன்று நாள் வாந்தி, வயிற்றுப்போக்குக்குப் பின் சோர்ந்துபோய் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த ஓர் அம்மாவின் இசிஜியில், துடிப்பு நிமிடத்துக்கு 50 என்றும் க்யூடிசி (க்யூ அலை தொடங்கி டி அலை முடியும்வரை ஆகும் க்யூடி நேரத்தைத் துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்திய எண்) 440 மில்லிசெகண்ட் என்றும் அச்சாகியிருந்தது. ஆனால் ஒவ்வொரு துடிப்பின் இறுதியில் வரும் டி அலை தட்டையாகி நெடுக இழுத்துக்கொண்டு போவதாக எனக்குப் பட்டது. இன்று விடியற்காலை 108-இல் தருமபுரிக்கு அனுப்பிவிட்டோம். இயந்திரத்தை நம்புவதா, கண்ணை நம்புவதா?

பொது மருத்துவர், கிருஷ்ணகிரி:
கண்ணைத்தான். தட்டையான டி அலையின் முடிவை இயந்திரம் முன்னதாகவே குறித்துவிடுவதுண்டு. இசிஜியின் பதிவுகளில் இரண்டாம் லீடிலோ வி5 லீடிலோ நீங்களே எண்ணிப் பாருங்கள், தாள் விநாடிக்கு 25 மி.மீ. வேகத்தில் ஓடினால் ஒரு சிறு கட்டம் 40 மில்லிசெகண்ட். க்யூ தொடங்கி டி முடியும்வரை 14 கட்டம் என்றால் 560. துடிப்பு 50 என்பதால் ஆர்-ஆர் இடைவெளி (ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம்) 1.2 விநாடி, அதன் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஏறத்தாழ 511 வரும். 500-ஐத் தாண்டினால், இசிஜியில் உயர்ந்து தெரியும் க்யூஆர்எஸ் அலைகள் முறுக்கிய கயிறுபோல் மேலும் கீழுமாகப் புரளும் டோர்சாட்ஸ் என்ற உயிராபத்தான துடிப்புக் கோளாறு வரும் ஆபத்து கூடிவிட்டது என்று பொருள். வாந்தியில் பொட்டாசியம் குறைந்திருக்கும், அதுவே க்யூடியை நீட்டும். வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் ஒன்டான்செட்ரானும் க்யூடியை நீட்டும் என்பதே என் கவலை.

இசிஜி டெக்னீஷியன், ஓசூர்:
டி அலை ஆர்-ஆர் இடைவெளியின் பாதிக்குள் முடிந்தால் பயமில்லை என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்.

பொது மருத்துவர், கிருஷ்ணகிரி:
துடிப்பு குறைந்தால் அந்தக் கணக்கு ஏமாற்றிவிடும், ஐயா. மேற்சொன்ன கணக்கில் பாதி என்பது 15 கட்டம். டி 14-இலேயே முடிந்தும் க்யூடிசி 511. டோர்சாட்ஸ் கிளம்புவதும் பெரும்பாலும் துடிப்பு மந்தமாக இருக்கையில்தான். நீளமான ரிதம் ஸ்ட்ரிப் (ஒரே லீடின் தொடர் பதிவு) எடுங்கள். இதயத்தின் கீழறையிலிருந்து முந்திக்கொண்டு வரும் ஒரு வென்ட்ரிகுலர் துடிப்பு, பின் நீண்ட இடைவெளி, அடுத்த துடிப்பின் டி அலை உருக்குலைவு, அதன் மேலேயே விழும் மற்றொரு முந்திய துடிப்பு என்ற வரிசை தெரிந்தால் மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரைப் படுக்கையருகே கொண்டுவந்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். மக்னீசியம் சல்பேட் 2 கிராம் சிரை வழியாகச் செலுத்தச் சொல்வார். ரத்தத்தில் மக்னீசியம் சரியாக இருந்தாலும் அது பலன் தரும். துடிப்புக் கோளாறுகளுக்குக் கொடுக்கும் அமியோடரோன் இங்கே ஆகாது; அதுவும் க்யூடியை நீட்டும்.

செவிலியர், பென்னாகரம் வட்டாரம்:
மிக்க நன்றி, ஐயா. அந்த அம்மாவுக்கு ஒன்டான்செட்ரான் ஊசி போட்டிருந்தோம். பரிந்துரைச் சீட்டில் அதைக் குறிக்கவில்லை. தருமபுரிக்கு இப்போதே தொலைபேசியில் சொல்கிறேன்.