கறுப்பு கார், காம்பவுண்ட் போட்டதும் பானட் மங்கிப் போச்சு. எந்த பாலிஷ் வாங்கணும்?

கரிவண்டி
அவசரம். நாளன்னைக்குக் காலைல வண்டி வெளிய போகணும். கறுப்பு கலர். மெஷின்ல காம்பவுண்ட், அதான் கீறல் எடுக்கற பேஸ்ட், போட்டேன். உள்ள ட்யூப் லைட்ல பாத்தா நல்லாத்தான் இருக்கு. வெயில்ல நிறுத்தினா பானட் பூரா வெள்ளையா புகை படிஞ்ச மாதிரி தெரியுது, நடுவுல பொடிப்பொடியா மின்னுது. போடறதுக்கு முன்னாடியே தேவலை. இன்னொரு தடவை அழுத்திப் போட்டேன், இன்னும் கூடிடுச்சு. இது போக எந்த பாலிஷ் வாங்கணும்? பேர் மட்டும் சொன்னாப் போதும்.

நுரைவாளி
பேர் சொல்றது பெரிய விஷயமில்ல, எதுக்குச் சொல்றோம்னு தெரியணும். மெஷின் டிஏவா (சுத்திக்கிட்டே ஆடறது), ரோட்டரியா (ஒரே அச்சுல சுத்தறது), இல்ல ட்ரில்லுல பேட் மாட்டினதா? பேட் கம்பளியா, மைக்ரோஃபைபரா, ஃபோமா? காம்பவுண்ட் எது? மொத்த வண்டிக்கும் எத்தனை பேட்? பண்ணும்போது பானட் சூடா இருந்துச்சா? முன்னாடி க்ளே (பெயிண்ட்ல ஒட்டின அழுக்கை இழுக்கற களிமண்) போட்டீங்களா?

உப்புத்தண்ணி
கழுவின தண்ணி எது? உப்புத்தண்ணில கழுவி வெயில்ல காய விட்டா கால்சியமும் மெக்னீசியமும் அப்படியே படியும். கறுப்புல அதுதான் வெள்ளையாத் தெரியும். வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து, துணில நனைச்சு ஒரு ஓரமா ஒரு நிமிஷம் வெச்சுப் பாருங்க. போச்சுன்னா பாலிஷே வேணாம். உடனே கழுவிடணும், காய விடக்கூடாது.

மைக்ரான்
மெஷின் என்னவென்று இல்லை, பேட் இல்லை, காம்பவுண்ட் இல்லை. நோயைச் சொல்லாமல் மருந்தின் பெயர் மட்டும் கேட்பது போல. காம்பவுண்டுக்குப் பிறகு ஃபினிஷிங் என்று, மென்மையாக மெருகேற்றும் ஒரு கட்டம் உண்டு என்பது தெரியாமலே பலர் மெஷினைத் தூக்கிவிடுகிறார்கள். நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமற்ற பூச்சான கம்பெனி கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). "அழுத்திப் போட்டேன்" என்ற வரியை அந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்கவும்.

நுரைவாளி
திட்டு அப்புறம் இருக்கட்டும் சார், ஆள் முதல்ல பதில் சொல்லட்டும்.

துணிமூட்டை
எல்லாரும் மெஷினையே கேக்கறீங்க, துடைச்ச துணியை யாரும் கேக்கல. கறுப்பு வண்டில பாதிப் பிரச்சினை துணிலதான் வருது. சாஃப்ட்னர் ஊத்தித் துவைச்ச மைக்ரோஃபைபர் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஆயிடும், காம்பவுண்டை உறிஞ்சாம இழுத்துட்டுத்தான் போகும். பருத்தித் துணியோட சேர்த்துத் துவைச்சா அதோட பஞ்சு இழைக்குள்ள சிக்கிக்கும். ஓரத்துல தைச்ச நூலும், கம்பெனி லேபிளும் தனியாக் கீறும்.

பாலிஷ் துடைக்க 300லேருந்து 400 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), குட்டை முடி, ஓரம் தைக்காதது. 1000க்கு மேல இருக்கற குண்டுத் துணி தண்ணி ஒத்தறதுக்கு மட்டும், அதுல காம்பவுண்டைத் துடைச்சா முடிக்குள்ள போய் உக்காந்துக்கும். துணியை ரெண்டா மடிச்சு மறுபடி ரெண்டா மடிச்சா எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு பகுதிக்கு ஒரு பக்கம், அவ்வளவுதான்.

கரிவண்டி
டிஏதான், 15னு போட்டிருக்கு. பேட் மெஷினோட வந்த மஞ்சள், ஃபோம். காம்பவுண்ட் டப்பால ஹெவி கட்னு இருக்கு. வினிகர் வெச்சேன், போகல. துணி புதுசு. எந்த பாலிஷ்?

உப்புத்தண்ணி
ஒரு நிமிஷத்துல போகலன்னா பெயிண்டுக்குள்ள அரிச்சிருக்கலாம். அதுக்குன்னே வர்ற அமில ரிமூவர் போடுங்க.

டார்ச்வெளிச்சம்
உப்புக்கறைன்னா வட்டவட்டமா, துளி காஞ்ச விளிம்போட இருக்கும். இவர் சொல்றது பரவின மங்கல். ரெண்டும் வேற.

கரிவண்டி, வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை. டார்ச்சை பானட்டுக்கு ஒரு அடி மேல பிடிச்சு, வெளிச்சம் விழற வட்டத்தோட விளிம்பை மட்டும் பாருங்க, நடுவைப் பாக்காதீங்க. எந்தக் கீறலா இருந்தாலும் விளக்கைச் சுத்தி வட்டமாத்தான் தெரியும், வெளிச்சத்துக்குக் குறுக்க இருக்கற கோடு மட்டும்தான் மின்னும். அதனால டார்ச்சை ஒரே இடத்துல நிறுத்தாம மெதுவா நகத்துங்க. கை போன போக்குல நீளமா, நேரா வந்தா அது துணி. ஒரு நகக்கண் அளவுக்குள்ள சுருண்ட மயிரிழைக் கோடுகள் ஆயிரக்கணக்குல நெருக்கமா இருந்தா, அது டிஏ பேட்டும் காம்பவுண்டும் போட்ட ஹேஸ், அதான் இந்த மங்கல். அலையலையா நிழல் ஓடினா ரோட்டரி ஹாலோகிராம், உங்களுக்கு அது இல்ல.

அப்புறம் "மஞ்சள்"னா ஒண்ணும் புரியாது. பேட் கலருக்குப் பொது விதி கிடையாது. லேக் கன்ட்ரி கம்பெனில மஞ்சள் வெட்டற (பெயிண்டை அதிகமா உரிக்கற) பேட், ரூப்ஸ் கம்பெனில மஞ்சள் ஃபைன். விரலால அழுத்திப் பாருங்க. கெட்டியா, உடனே எழும்பி வந்தா வெட்டறது. மெத்துன்னு உள்ள போனா ஃபினிஷிங்.

ரெண்டு கேள்வி. கதவுல இதே மங்கல் இருக்கா? பானட் எப்பவாவது மறுபடி பெயிண்ட் அடிச்சதா?

பளபள
இவ்வளவு எதுக்கு? 9எச் செராமிக் கோட்டிங் ஒண்ணு போட்டா எல்லாம் மறைஞ்சிடும், அப்புறம் கீறலே விழாது.

மைக்ரான்
9எச் என்பது பென்சில் கணக்கு. பரப்பின் மேல் பென்சிலை 45 டிகிரி சாய்த்து, 750 கிராம் எடையோடு தள்ளி, எந்தப் பென்சில் கீறுகிறது என்று பார்க்கும் சோதனை. கற்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவுகோலின் 9 அல்ல, அது குருந்தக்கல். சாலைத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மோஸ் கணக்கில் 7. பென்சில் கீறாத கோட்டிங்கை மண் கீறும். தவிர, கோட்டிங் மங்கலை மறைக்காது, மேலே மூடி நிரந்தரமாக்கும். பிறகு அதை எடுக்க மறுபடி காம்பவுண்டுதான் போட வேண்டும்.

பளபள
அப்போ கோட்டிங் போட்டவங்க எல்லாம் முட்டாளா? வாக்ஸ் வெயில்ல உருகி ஓடுதே, அதை என்ன சொல்றீங்க?

மைக்ரான்
வாக்ஸில் இருக்கும் கார்னாபா என்ற பனை மெழுகு உருகுவது 82 டிகிரிக்கு மேல். வண்டியில் பூசும் வாக்ஸில் அதோடு வேறு மெழுகும் எண்ணெயும் கலந்திருப்பதால் சீக்கிரம் தேய்ந்து போகிறது. "உருகி ஓடுகிறது" என்பது விளம்பரம்.

பளபள
ஆக மொத்தம் சீக்கிரம் போயிடுதில்ல, நான் சொன்னதும் அதைத்தானே.

துணிமூட்டை
ரெண்டு பேரும் தனி இழை ஆரம்பிச்சுக்கோங்க. அந்தப் புதுத் துணியை முதல்ல ஒருதடவை துவைச்சாரான்னே இன்னும் தெரியல.

கரிவண்டி
கதவுல இல்ல. பானட்லயும் முன் பம்பர்லயும்தான். பானட் போன வருஷம் பெயிண்ட் அடிச்சது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? பேட் கெட்டியாத்தான் இருக்கு. டார்ச்சுல சுருள் சுருளாத் தெரியுது.

நுரைவாளி
முதல் பதிவுலயே வந்திருக்க வேண்டிய விஷயம் இது. கம்பெனி பெயிண்ட் 120, 140 டிகிரி அடுப்புல வேகுது. ஒர்க்‌ஷாப்ல மறுபடி அடிக்கற கிளியர் கோட்ல ஹார்டனர் கலந்து 60 டிகிரி பக்கம் காய வைப்பாங்க, இல்ல அப்படியே காத்துல விட்டுடுவாங்க. பெரும்பாலும் கம்பெனி பெயிண்டைவிட மிருதுவாத்தான் இருக்கும். கதவுல சுத்தமா முடிஞ்ச அதே பேட், அதே காம்பவுண்ட் பானட்ல ஹேஸ் விடுதுன்னா காரணம் அதுதான். மிருதுவான பெயிண்ட்ல அழுத்தினா ஹேஸ் ஆழமாகும், அதான் ரெண்டாவது தடவை கூடிச்சு.

டார்ச்வெளிச்சம்
ஆமா. இப்ப பேர் சொல்லலாம். மெக்வையர்ஸ் எம்205 மாதிரி ஃபினிஷிங் பாலிஷ் ஒண்ணு. "கிளீனர் வாக்ஸ்", "கிளேஸ்", "ஆல் இன் ஒன்"னு எழுதினதை எடுக்காதீங்க, அதுல இருக்கற எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கும், ரெண்டு வாஷ்ல திரும்பி வரும். பேட் மெத்துன்னு இருக்கற ஃபினிஷிங் ஃபோம், பானட்டுக்கும் பம்பருக்கும் குறைஞ்சது மூணு வேணும். சைஸ், மெஷின்ல பேட் ஒட்டற பேக்கிங் பிளேட்டைவிட அரை இன்ச் பெரிசு. பிளேட் 5 இன்ச்னா பேட் 5.5.

முறை:

வண்டியை நிழல்ல ஆற வைங்க, புறங்கை வெச்சா குளுந்திருக்கணும். கழுவுங்க. க்ளே போடலன்னா ஃபைன் க்ளே, நல்லா லூப்ரிகன்ட் அடிச்சு. க்ளே கீழ விழுந்தா தூக்கிப் போடுங்க, கழுவினாலும் மண் போகாது. பானட் விளிம்புலயும் மடிப்புக் கோட்டுலயும் மாஸ்கிங் டேப், அங்க பெயிண்ட் மெலிசு.

முழு பானட்ல ஆரம்பிக்காதீங்க. 45 சென்டிமீட்டர் சதுரம் ஒண்ணு. முதல் தடவை பேட் முகம் பூரா பாலிஷை விரலால மெலிசாத் தேய்ச்சுட்டு, மேல பட்டாணி அளவு மூணு பொட்டு. வேகம் 1ல பரப்புங்க. 4ல நாலு சுத்து, குறுக்க ஒண்ணு நெடுக்க ஒண்ணு, பாதிக்குப் பாதி மேல ஏறி, நொடிக்கு ரெண்டு மூணு சென்டிமீட்டர் நகர்ற மாதிரி. மெஷின் எடை மட்டும் போதும். கடைசி ரெண்டு சுத்து வேகத்தை 3க்குக் குறைச்சு, மெஷினைக் கையில ஏந்தினாப்பல.

பேக்கிங் பிளேட் ஓரத்துல மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்கோங்க. 15 எம்எம் (பேட் ஆடற அளவு) டிஏல பேட் தானாத்தான் சுத்தணும். சாய்ச்சுப் பிடிச்சாலும் வளைவுல ஒரு பக்கம் அழுந்தினாலும் நின்னு அதிர ஆரம்பிக்கும், அப்ப வெட்டு இல்லாம சூடுதான் ஏறும். கோடு சுத்தறது கண்ல தெரியலன்னா கையை நிமித்துங்க.

நுரைவாளி
ஒண்ணு சேர்க்கறேன். ஒவ்வொரு சதுரத்துக்கும் அப்புறம் மெஷினை ஓட விட்டு மெத்தென்ற பிரஷ்ஷால பேட்டைத் தட்டுங்க. உரிஞ்ச கிளியர் கோட்டும் காஞ்ச பாலிஷும் பேட்ல கட்டியா நின்னா அதுவே திரும்பக் கீறும். முழு வண்டிக்கு ஒரே பேட்னா கடைசில பண்ண இடம்தான் அதிகம் மங்கும். கரிவண்டி, பானட் கடைசியாவா பண்ணீங்க? காம்பவுண்ட் போட்ட பழைய பேட்டைக் கழுவிட்டும் இதுக்குப் பயன்படுத்தாதீங்க.

துணிமூட்டை
துடைச்சதும் தண்ணில 10லேருந்து 15 சதவீதம் ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) கலந்து லேசா அடிச்சு ஒத்தி எடுங்க. பாலிஷ் எண்ணெய் போனாத்தான் நிஜ நிலைமை தெரியும். உங்களுக்கு ட்யூப் லைட்ல நல்லாத் தெரிஞ்சதுல பாதி அந்த எண்ணெய்தான். மிருதுவான பெயிண்ட்ல ஐபிஏவை அழுத்தித் தேய்க்காதீங்க, அதுவும் கோடு போடும்.

உப்புத்தண்ணி
எல்லாம் முடிச்சு கழுவும்போது உப்புத்தண்ணில கழுவினீங்கன்னா திரும்ப என்கிட்டதான் வருவீங்க. கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணி.

மைக்ரான்
பெயிண்ட் அளக்கும் மீட்டர் பற்றி யாரும் பேசவில்லை. கம்பெனி பெயிண்ட் மொத்தம் சுமார் 100 முதல் 150 மைக்ரான் காட்டும். மறுபெயிண்ட் பெரும்பாலும் 200க்கு மேல். ஆனால் மீட்டர் மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், அதில் கிளியர் கோட் எவ்வளவு என்று சொல்லாது. உள்ளே பள்ளம் நிரப்பிய பட்டி இருந்தாலும் எண் ஏறும். அதிகம் காட்டுகிறதே என்று தைரியமாக வெட்டக் கூடாது.

பளபள
நாளன்னைக்கு வண்டி வேணும்ங்கறார். கிளேஸ் போட்டு மறைச்சுட்டுப் போய் வந்து மெதுவாப் பண்ணட்டுமே. அதுல என்ன தப்பு?

டார்ச்வெளிச்சம்
தப்பில்ல, தெரிஞ்சு போட்டா. சரியாயிடுச்சுன்னு நினைச்சு அது மேல கோட்டிங் போட்டாத்தான் வம்பு. எண்ணெய் மேல கோட்டிங் ஒட்டாது.

மைக்ரான்
மறைப்பதற்கு டீட்டெய்லிங் என்று பெயர் வைப்பதில்தான் எனக்கு ஆட்சேபம்.

பளபள
உங்களுக்கு எதுலதான் ஆட்சேபம் இல்ல?

கரிவண்டி
205ம் மெத்து பேடும் வாங்கினேன். ஒரு சதுரம் பண்ணதுமே தெரிஞ்சுது. பானட் ஓகே, வெயில்ல பாத்துட்டேன். பம்பர்ல இன்னும் இருக்கு. டைம் இல்ல, வந்து பாக்கறேன். நன்றி.

துணிமூட்டை
துணியைத் துவைச்சீங்களா இல்லையா?

நுரைவாளி
பம்பரும் பானட்டோட சேர்த்து அடிச்சதா? பிளாஸ்டிக்ங்கறதால சூடு பரவாது, ஒரே இடத்துல ஏறிடும், கிளியர் கோட் சீக்கிரம் இளகும். சாதா மீட்டரும் அங்க படிக்காது. வேகம் 3க்கு மேல வேணாம், 3 இன்ச் பேட், சதுரம் 30 சென்டிமீட்டர், ரெண்டு சுத்துக்கு ஒருதடவை கை வெச்சுப் பாருங்க. சூடு தட்டினா விட்டுட்டு அடுத்த இடத்துக்குப் போயிட்டு வாங்க. நம்பர் பிளேட்டைச் சுத்தி இருக்கற வளைவை மெஷின்ல தொடாதீங்க, கையாலயே ஒரு சின்ன ஃபோம் அப்ளிகேட்டர்ல 205 போட்டாப் போதும்.