ஏர்சாஃப்ட் எம்4: முதலில் ஸ்பிரிங்கா, காற்றுக் கசிவா?

பாளை_நகோயா:
அண்ணாச்சிமார்களே, ஒரு யோசனை வேண்டும். வேலை நகோயாவில், இப்போது லீவில் பாளையங்கோட்டையில் இருக்கிறேன், ஆடி அமாவாசைக்குக் காரையாறு போய்விட்டு வந்த மறுவாரம் விமானம். அங்கே ஞாயிறு ஆனால் ஏர்சாஃப்ட், அதாவது பொம்மைத் துப்பாக்கியில் சின்னப் பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டு, ஆடப் போவோம். என்னுடையது கை மாறி வந்த எலக்ட்ரிக் எம்4 மாடல் துப்பாக்கி, உள்ளே வெர்ஷன் 2 என்கிற வகைக் கியர்பாக்ஸ். மற்றவர்கள் 45 மீட்டரில் ஆளைத் தொடுகிறார்கள், என் குண்டு 30 மீட்டரிலேயே தலையைத் தொங்கப் போட்டுவிடுகிறது. கடைசியாக 0.20 கிராம் குண்டில் ஐந்து முறை சுட்டு அளந்தேன்: விநாடிக்கு 78, 84, 71, 82, 69 மீட்டர். இன்னும் வலுவாக எம்100 ஸ்பிரிங் ஒன்று ஆர்டர் போடலாம் என்று இருக்கிறேன். போடவா? துப்பாக்கி அங்கேதான் இருக்கிறது, சுங்கத்தில் நின்று இது விளையாட்டுச் சாமான் என்று விளக்க எனக்குத் தெம்பில்லை, அதனால் போட்டோ கேட்காதீர்கள்.

மேலப்பாளையம்_லெஸ்டர்:
போடும் வே, இதில் கேட்க என்ன இருக்கிறது. லெஸ்டரில் ஆறு வருடம் ஆடிவிட்டு ஊர் திரும்பியவன் நான். வாங்கிய மாதமே எம்110 போட்டேன், 11.1 வோல்ட் லிப்போ பேட்டரி போட்டேன், விசையைத் தொட்டதும் மழை மாதிரி கொட்டும். எம்100 என்பது சின்னப் பிள்ளைகளுக்கான ஸ்பிரிங். பத்து நிமிட வேலை, ஒரு நாள் சந்தோஷம் இல்லை, வருடக்கணக்கில் சந்தோஷம்.

காத்தாடிக்காரன்_பணகுடி:
பத்து நிமிடமா? வெர்ஷன் 2 பல மாடல்களில் ஸ்பிரிங்கை மாற்ற முழு கியர்பாக்ஸையும் வெளியே எடுத்துப் பிரிக்க வேண்டும், பின்பக்கமாகக் கழற்றும் வசதி எல்லாவற்றிலும் கிடையாது. சரி, அது கிடக்கட்டும். ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் அடிக்கிற காற்றுதான் குண்டைத் தள்ளும். தம்பி கொடுத்த எண்ணைப் பாரும். 84-க்கும் 69-க்கும் நடுவே 15 மீட்டர் வித்தியாசம். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஐந்தும் சேர்ந்து குறையும், இப்படிக் குதிக்காது. குதிக்கிறது என்றால் காற்று எங்கேயோ போகிறது, ஒரு தடவை கொஞ்சம், அடுத்த தடவை நிறைய. பிஸ்டன் தலையில் இருக்கும் ஓ-ரிங், சிலிண்டர் ஹெட், காற்று வெளியே வரும் நாசில், குண்டைப் பின்சுழல விட்டுத் தூரம் போக வைக்கும் ஹாப்-அப் ரப்பர், இந்த நாலு இடத்தில் ஒன்று. ஓட்டைக் குடத்துக்குப் பெரிய கயிறு கட்டினால் கிணற்றிலிருந்து கூடத் தண்ணீர் வராது.

மேலப்பாளையம்_லெஸ்டர்:
அண்ணாச்சி, நீர் காற்றாலையில் வேலை பார்ப்பவர் என்று பெயரிலேயே தெரிகிறது. ஒரு தடவையாவது ஏர்சாஃப்ட் சுட்டிருக்கிறீரா?

காத்தாடிக்காரன்_பணகுடி:
சுட்டதில்லை. கம்பெனிப் பயிற்சிக்கு டென்மார்க் போனபோது கூடத் தங்கியவன் ஒருத்தன் தன் கியர்பாக்ஸை மேசையில் பிரித்துப் போட்டுவிட்டு மாட்டத் தெரியாமல் விழித்தான், இரண்டு ராத்திரி உட்கார்ந்து நான்தான் பல்சக்கரங்களுக்கு ஷிம், அதாவது மெல்லிய வாஷர், போட்டு மூடினேன். எங்கள் மிஷினில் இறக்கை நிமிடத்துக்கு இருபது சுற்றுக்குப் பக்கம் சுற்றும், அதைக் கியர்பாக்ஸ் ஏற்றி ஜெனரேட்டரை 1500 சுற்றில் ஓட்டும். உங்களுடையது தலைகீழ், மோட்டார் 18 சுற்று சுற்றினால் கடைசிப் பல்சக்கரம் ஒரு சுற்று. பல்லுக்குப் பல் எவ்வளவு இடைவெளி என்கிற கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான், உங்கள் வாஷர் 0.1 மில்லிமீட்டர், அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது ஆடிக் காற்று மிஞ்சி அடிக்கிறது, மேலே ஏற விடமாட்டார்கள், கீழே ஷெட்டில் உட்கார்ந்து இதை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று, தம்பி இருப்பது ஜப்பானில். அங்கே 2006-ல் சட்டத்தைத் திருத்தி 6 மில்லிமீட்டர் குண்டுக்கு 0.98 ஜூல் என்று கோடு போட்டுவிட்டார்கள், அதற்கு மேல் போனால் அது விளையாட்டுச் சாமான் இல்லை. 0.20 கிராமுக்கு அது விநாடிக்கு 99 மீட்டர். எம்100 என்ற பெயரே ஏறத்தாழ 100 மீட்டர் என்பதற்காக வைத்தது.

மேலப்பாளையம்_லெஸ்டர்:
அவனுக்குத்தான் கசிவு இருக்கிறதே, எம்100 போட்டாலும் 90 தான் வரும். கோட்டுக்குள் இருப்பான்.

காத்தாடிக்காரன்_பணகுடி:
அதாவது கசிவை நம்பிச் சட்டத்துக்குள் இருக்கச் சொல்கிறீர். நாளைக்கு யாராவது ஓ-ரிங்கில் இரண்டு சொட்டு சிலிக்கான் எண்ணெய் விட்டால் தம்பி குற்றவாளி. நல்ல யோசனை வே!

அம்பை_வைண்டிங்:
நடுவே வருவதற்கு மன்னிக்கவும். அம்பாசமுத்திரத்தில் மோட்டார் வைண்டிங் கடை, துப்பாக்கி பற்றித் தெரியாது, மோட்டாரும் ஸ்விட்சும் தெரியும். அந்த 11.1 வோல்ட்டை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. 7.4-லிருந்து போனால் ஒன்றரை மடங்கு. மோட்டார் கரண்ட் முழுக்க அந்தச் சின்ன விசைக் கான்டாக்ட் வழியாகத்தானே போகிறது? விடும்போதெல்லாம் பொறி பறந்து செம்பு கரியாகிவிடும். மாஸ்ஃபெட் ஒன்று போட்டால் விசை வழியாகச் சைகை மட்டும் போகும், கனத்த கரண்ட் வேறு வழியில் போகும். தம்பி என்ன பேட்டரி?

பாளை_நகோயா:
7.4 தான் அண்ணாச்சி. மாஸ்ஃபெட் இல்லை.

மேலப்பாளையம்_லெஸ்டர்:
மாஸ்ஃபெட் விஷயத்தில் அம்பை அண்ணாச்சி சொல்வது சரி, எனக்கு ஒரு கான்டாக்ட் போயிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்பிரிங்கில் நான் விடமாட்டேன், காரணமும் சொல்கிறேன். மோட்டார் வேகமாகி ஸ்பிரிங் மெலிசாக இருந்தால் பிஸ்டன் முன்னால் வந்து சேர்வதற்குள் பல்சக்கரம் அடுத்த சுற்றுக்கு வந்து நடுவழியில் பல்லைப் பிடித்துவிடும். விநாடிக்கு 20 குண்டு என்றால் ஒரு சுற்றுக்கு 50 மில்லிசெகண்ட்தான். அப்போது பிஸ்டன் பல் பொரி மாதிரி உதிரும். இதற்குத்தான் வலுவான ஸ்பிரிங். இங்கிலாந்தில் தானியங்கிக்கு 1.3 ஜூல் வரை சட்டம் இடம் கொடுத்தது, எங்கள் களத்தில் விநாடிக்கு 350 அடி வேகம் வரை விட்டார்கள், அதனால் எனக்கு வசதி இருந்தது.

காத்தாடிக்காரன்_பணகுடி:
இது நல்ல பேச்சு, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மோட்டாரை வேகமாக்கியதே நீர்தானே? 7.4-ல் அந்த வம்பே வராதே. நோயையும் நீரே கொடுத்து மருந்தையும் நீரே விற்கிறீர். உண்மையைச் சொல்லும், ஆறு வருடத்தில் கியர்பாக்ஸ் ஷெல், அந்த வெளிக்கூடு, எத்தனை மாற்றினீர்?

மேலப்பாளையம்_லெஸ்டர்:
ஒன்று. முன்பக்கம் சிலிண்டர் ஜன்னல் ஓரம் விரிசல் விட்டது. வெர்ஷன் 2 எல்லாமே அங்கேதான் விடும், அது என் குற்றம் இல்லை.

பாளை_நகோயா:
(மூன்று வாரம் கழித்து)
நகோயா வந்துவிட்டேன். ஸ்பிரிங் வாங்கவில்லை. போன ஞாயிறு ஆடப் போகாமல் அறையில் கியர்பாக்ஸைப் பிரித்தேன், பிரித்ததுமே மோட்டார் பின்னால் சுற்றாமல் தடுக்கும் அந்தக் கொக்கியின் ஊசி ஸ்பிரிங் பறந்து கட்டிலுக்கடியில் போய்விட்டது, டார்ச் அடித்து முக்கால் மணி நேரம் தேடினேன். உள்ளே அல்வாக் கிண்டியது மாதிரி கிரீஸ், முன்பு வைத்திருந்தவன் கை வண்ணம், பல்லே தெரியவில்லை.

சிலிண்டர், ஹெட், நாசில் மூன்றையும் மாட்டி, நாசில் வாயை விரலால் பொத்திக்கொண்டு பிஸ்டனைத் தள்ளினேன். நிற்கவே இல்லை, வெண்ணெய்க்குள் போவது போலப் போய்விட்டது. பிஸ்டன் ஓ-ரிங் காய்ந்து தட்டையாகிக் கிடந்தது. புதிய ஓ-ரிங், சிலிக்கான் கிரீஸ், ஹெட்டில் இரண்டு சுற்று டெஃப்லான் டேப், அதாவது ஊரில் குழாய்க்குச் சுற்றுவோமே அதே வெள்ளை டேப். மறுபடி தள்ளினால் கல் மாதிரி நின்றது. கையோடு ஹாப்-அப் ரப்பரையும் மாற்றினேன். ஷிம்மைத் தொடவில்லை, கைப்பிடிக்கு அடியில் இருக்கும் திருகைக் கால் சுற்று திருப்பி மோட்டார் உயரத்தை மட்டும் சரி செய்தேன், அந்தக் கீச்சுச் சத்தம் அடங்கிவிட்டது.

அளவு: 88, 89, 87, 89, 88. அதாவது 0.77 ஜூல், அதே பழைய ஸ்பிரிங். 0.25 கிராம் குண்டு போட்டு ஹாப்பைத் திருகி வைத்தால் 40 மீட்டரில் பலகையில் படுகிறது. 45 இன்னும் வரவில்லை.

மேலப்பாளையம்_லெஸ்டர்:
பார்த்தீரா, 45 வரவில்லை. எம்95 ஒன்று போட்டால் வந்துவிடும், கோட்டுக்கும் உள்ளேதான்.

காத்தாடிக்காரன்_பணகுடி:
ரப்பர் புதிது வே, அது பழகட்டும், உள்குழலைத் துணி விட்டுத் துடைக்கட்டும். தம்பி, அடுத்து 0.28 கிராம் குண்டு போட்டுப் பார்த்து எண்ணைச் சொல்லும். எம்95-ஐ அதற்கப்புறம் பேசுவோம்.

அம்பை_வைண்டிங்:
மாஸ்ஃபெட் போட்டீரா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?