மலிவு கண்டென்சர் மைக்கில் கெப்பாசிட்டர் மாற்றினால் 'ச' குத்துவது குறையுமா?

ஓசைப்பித்தன்

என்னிடம் ஒரு மலிவு விலை பெரிய டயஃப்ரம் கண்டென்சர் மைக் இருக்கிறது. பிராண்ட் பெயர் வேண்டாம், இதே போர்டும் இதே கேப்சூலும் (மெல்லிய டயஃப்ரம் அதிர்ந்து சத்தத்தைப் பிடிக்கும் பகுதி) பல பெயர்களில் வருகின்றன. கதை வாசித்துப் பதிவு செய்யத்தான் வாங்கினேன். என் குரலுக்கு ஓரளவு சமாளிக்கிறது, ஆனால் மனைவி வாசித்தால் 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் காதில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது. ஈக்யூவில் (ஒலியின் ஒரு பகுதியை மட்டும் கூட்டிக் குறைக்கும் வசதி) 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இறக்கினால் குத்தல் குறைகிறது, கூடவே குரலும் போர்வைக்குள் போய்விடுகிறது.

கழற்றிப் பார்த்தேன். சின்ன போர்டு, நிறைய பழுப்பு நிற செராமிக் கெப்பாசிட்டர், சில எலக்ட்ரோலிட்டிக், ஒரு ஜேஃபெட் (அதுவும் ஒரு வகை டிரான்சிஸ்டர்தான்), இரண்டு சாதாரண டிரான்சிஸ்டர். டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. எல்லாக் கெப்பாசிட்டரையும் நல்ல ஃபிலிம் வகைக்கு மாற்றினால் நியூமன் கம்பெனியின் விலை உயர்ந்த ஸ்டுடியோ மைக்கான யூ87 மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், அதை நம்பலாமா? சால்டரிங் கை பழகியதுதான், கேபிள், கிட்டார் பிக்கப் எல்லாம் நானே பற்றவைத்திருக்கிறேன். எதில் தொடங்கலாம்?

ஈயப்புகை

யூ87 ஆகாது நண்பரே, அந்த ஆசையை முதலில் ஓரமாக வையுங்கள். ஆனால் குத்தலைக் குறைக்கலாம், அதற்கான காரணம் தெரிந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

உங்கள் மைக்கில் இருப்பது அநேகமாக கே67 வகைக் கேப்சூலின் நகல். அசல் கே67, நியூமன் கம்பெனி 1960ல் கொண்டுவந்த யூ67 மைக்குக்காகச் செய்தது. அந்தக் கேப்சூலுக்கு மேல் அலைவரிசையில் இயல்பாகவே ஒரு ஏற்றம் உண்டு. அது தெரிந்தேதான் செய்தார்கள். கேப்சூல் எவ்வளவு தூக்குகிறதோ அதை சர்க்யூட் கீழே இறக்கிவிடும், போகிற போக்கில் இரைச்சலும் கொஞ்சம் இறங்கும். இரண்டும் ஒரு ஜோடி. மலிவு மைக் செய்கிறவர்கள் அந்த ஜோடியில் கேப்சூலை மட்டும் எடுத்துக்கொண்டு, ஷோப்ஸ் (இன்னொரு மைக் கம்பெனி) பாணி டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சர்க்யூட்டோடு கட்டிவிட்டார்கள். அந்த சர்க்யூட் நல்ல சர்க்யூட்தான், வந்ததை வந்தபடி அனுப்பும். அதுதான் இங்கே பிரச்சினை, கேப்சூலின் ஏற்றம் அப்படியே உங்கள் காதுக்கு வந்து சேர்கிறது. போர்டில் எவ்வளவு உயர்ந்த கெப்பாசிட்டர் போட்டாலும் இந்த ஏற்றம் போகாது.

எளிய வழி ஒன்று: ஜேஃபெட்டின் மூன்று கால்களில் டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் குறுக்கே ஒரு சின்ன ஃபிலிம் கெப்பாசிட்டர். டிரெயினிலும் சோர்ஸிலும் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்த ஒரு போர்டில் 15 நானோஃபாராட் போட்டேன், 10 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 2 டெசிபல் இறங்கியது. ஜேஃபெட்டைப் பொறுத்து இது மாறும், அதனால் 10, 15, 22 மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள்.

பழைய_ரேடியோ

கெப்பாசிட்டர் மாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். இரண்டு ஒரே மாதிரி மைக், ஒன்றில் மட்டும் எல்லாவற்றையும் மாற்றினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. முடித்ததும் ஆகா என்றிருந்தது. அப்புறம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்து, சத்த அளவைச் சமமாக்கி, எது எது என்று தெரியாமல் கேட்டேன். என்னால் சொல்ல முடியவில்லை. பட்ட பாட்டுக்குக் காது மரியாதை கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஈயப்புகை

பெரும்பாலும் சரிதான் அண்ணா, ஒரே ஒரு திருத்தம். குரல் நேராகக் கடந்துபோகிற இடத்தில் சாதாரண செராமிக் இருந்தால் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. அந்த வகையில் வோல்டேஜ் ஏறி இறங்கினால் கெப்பாசிட்டன்ஸும் மாறும், அதுவே டிஸ்டார்ஷன், அதாவது ஒலிச் சிதைவு. தட்டினால் அதுவே சத்தத்தையும் பிடிக்கும். இந்த சர்க்யூட்டில் அப்படிப்பட்ட இடம் பெரும்பாலும் மூன்றுதான்: கேப்சூலிலிருந்து ஜேஃபெட்டின் கேட் என்ற காலுக்குப் போவது ஒன்று, ஜேஃபெட்டிலிருந்து இரண்டு டிரான்சிஸ்டருக்கும் போவது இரண்டு. வோல்டேஜுக்கு இப்படி மாறாத சி0ஜி வகை செராமிக்காக இருந்தால் அதையும் தொட வேண்டாம். மற்றதெல்லாம் பவர் ஃபில்டர், அங்கே பணத்தைக் கொட்டாதீர்கள்.

ஒத்தைக்காது

யாருமே கிரில்லைப் பற்றிப் பேசவில்லையே! தலையில் இருக்கும் கம்பி வலை பல மைக்கில் இரண்டு மூன்று அடுக்கு. உள் அடுக்கு மிக நெருக்கமாக இருந்தால் சத்தம் உள்ளேயே முட்டி மோதித் திரும்பும், குரல் டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கும். நான் என் மைக்கில் உள் வலையை மட்டும் எடுத்தேன், அந்த டப்பாத்தன்மை நன்றாகக் குறைந்தது. ஆனால் 'ப' வந்தால் மூச்சு நேராக டயஃப்ரத்தில் அறையும், மைக்குக்கு முன் வைக்கும் பாப் ஃபில்டர் இல்லாமல் உட்காராதீர்கள். எடுத்த பிறகு மைக்கின் தலைக்கருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், உம்ம் என்று கரண்ட் இரைச்சல் கூடினால் வலையைத் திரும்பப் போட்டுவிட வேண்டியதுதான். இன்னொன்று, உடம்புக் குழாயை நகத்தால் சுண்டிப் பாருங்கள். கோயில் மணி மாதிரி நீளமாக ஒலித்தால் உள்பக்கம் ஒட்டும் ரப்பர் பட்டை ஒன்று போதும்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். கேப்சூலுக்குப் பக்கத்து ரெசிஸ்டர் 1 கிகா ஓம், அதாவது நூறு கோடி ஓம். அந்தப் பக்கம் வெறும் விரலை வைத்துவிட்டேன், பற்றவைத்த இடத்தில் மிஞ்சும் ஃபிளக்ஸ் பசையையும் சரியாகத் துடைக்கவில்லை. ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மழை பெய்த அன்றைக்குப் பார்த்தால், பொரி பொரிகிற மாதிரி படபடவென்று சத்தம். ஜேஃபெட் போய்விட்டது என்று அதையும் மாற்றினேன், சத்தம் நிற்கவில்லை. கடைசியில் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பிரஷ்ஷில் தொட்டு அந்த மூலையைத் துடைத்துக் காயவிட்டதும் சத்தமே இல்லை. விரல் எண்ணெயும் ஈரமும் சேர்ந்தால் அந்த இடத்தில் அதுவே ஒரு ரெசிஸ்டர்.

ஆல்கஹால் கேப்சூல் மேல் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. டயஃப்ரம் சில மைக்ரான் தடிமன் பிளாஸ்டிக், மேலே தங்கப் பூச்சு. அதைத் தொடாதீர்கள், ஊதாதீர்கள், கேப்சூலைக் கழற்றித் தனியாக மூடிவைத்துவிட்டு சால்டரிங்கைத் தொடங்குங்கள். கேபிள் வழியாக மைக்குக்கு வரும் ஃபேண்டம் பவரைப் பிடுங்கிச் சில நிமிடம் கழித்துத் திறங்கள்.

பழைய_ரேடியோ

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழி. மனைவி வாசித்ததை ஒரு ஸ்பீக்கரில் ஓடவிட்டு, மாற்றுவதற்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை அந்த மைக்கால் பிடியுங்கள். மைக் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இன்றைய குரல் வேறு, நாளைய குரல் வேறு, மைக்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

ஓசைப்பித்தன்

பத்து நாள் கழித்து வருகிறேன். பழைய_ரேடியோ அண்ணா சொன்ன மாதிரியே செய்தேன், சோதனை வாக்கியம் "சந்தைக்குச் சென்ற சிவசு செருப்பைத் தொலைத்துவிட்டுச் சும்மா சிரித்தான்". எழுபது தடவை கேட்டிருப்பேன், வீட்டில் எல்லோருக்கும் சிவசு மேல் வெறுப்பு வந்துவிட்டது.

முதலில் உள் வலை. வித்தியாசம் தெரிந்தது, நினைத்ததைவிட அதிகம். கரண்ட் இரைச்சல் கூடவில்லை. அடுத்து டிரெயின்-சோர்ஸ் கெப்பாசிட்டர்: 10 போதவில்லை, 22 போட்டால் காற்றே இல்லாத அறையில் பேசுகிற மாதிரி ஆனது, 15ல் நிறுத்தினேன். அந்த மூன்று செராமிக்கையும் ஃபிலிமாக மாற்றினேன், அதில் ஒன்றும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஈக்யூ இப்போது அணைத்தே இருக்கிறது. சத்தமாக ஒரு 'ஸ்' வந்தால் இன்னும் லேசாகக் கீறுகிறது. மைக்கை வாயிலிருந்து கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் அதுவும் பாதி குறைகிறது.

அடுத்து நியூமனின் இன்னொரு வடிவமான கே47 வகைக் கேப்சூல் வாங்கிப் போடலாமா?

ஈயப்புகை

போடலாம், மேல் அலைவரிசை ஏற்றம் அதில் குறைவு. அதைப் போடும் நாளில் அந்த 15 நானோஃபாராடைக் கழற்ற மறந்துவிடாதீர்கள், இல்லாவிட்டால் குரல் மந்தமாகிவிட்டது என்று திரும்ப இங்கேதான் வருவீர்கள். வாங்குவதற்கு முன் இப்போதைய கேப்சூலின் விட்டத்தையும் தாங்கியின் திருகுத் துளை இடைவெளியையும் அளந்து எழுதிவையுங்கள். 34 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தாலும் தாங்கி எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை.