திருகோணமலையில் மாடி வீடு எடுத்தவர்களுக்கு: மேல் அறைக்கு வைஃபை ஏற என்ன வழி?

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக இங்கே வந்து குடியேறுகிறவர்கள் முதல் மாதமே என்னிடம் கேட்பது இதுதான். கீழே ஹாலில் வைஃபை பறக்கிறது, மேலே படுக்கையறைக்குப் போனால் வீடியோ கால் நின்று நின்று வருகிறது, என்ன செய்வது? ஐந்து வருடமாக உப்புவெளியில் மாடி வீட்டில் இருக்கிறேன். வேலையும் மேல் அறையில்தான், ராத்திரி ஊரில் இருக்கும் அம்மாவோடு பேசுவதும் அங்கிருந்துதான். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் குறை எங்கே என்று பாருங்கள். லேப்டாப்பை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து லேன் கேபிளில் மாட்டி வேகத்தைச் சோதியுங்கள். அங்கேயே குறைவாக வந்தால் இணைப்புக் கொடுத்தவர்களிடம்தான் பேச வேண்டும். அங்கே சரியாக வந்தால் பிரச்சினை உங்கள் வீட்டுச் சுவரிலும் சிலாப்பிலும் இருக்கிறது. அப்புறம், ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் மாதிரி ஓர் ஆப் போட்டு, அறை அறையாக நடந்து சிக்னலை டிபிஎம் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். இது சிக்னல் பலத்தை அளக்கும் அலகு, மைனஸில் வரும், எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம். என் வீட்டில் ஹாலில் மைனஸ் 42, படி ஏறி முடிக்கும் இடத்தில் மைனஸ் 61, மேல் அறைக் கட்டிலில் மைனஸ் 80. மைனஸ் 67 வரை இருந்தால் வீடியோ கால் நிம்மதியாக ஓடும். மைனஸ் 75-ஐத் தாண்டினால் கஷ்டம்தான்.

இந்த ஊரில் மாடி வீடுகள் பெரும்பாலும் கம்பி கட்டிக் கொங்கிரீட் போட்ட சிலாப். அந்தக் கம்பி வலையும் கொங்கிரீட்டும் சேர்ந்து அலையைப் பெரும்பகுதி விழுங்கிவிடும். வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சிலாப்பைத் தாண்டுவது அரிது. 2.4 ஓரளவு தாண்டும். மேலே ஏறும் சிக்னல் முக்கியமாகப் படிக்கட்டு வழியாகத்தான் ஏறுகிறது. ஆகவே காசு செலவில்லாத முதல் வேலை, ரவுட்டரை இடம் மாற்றுவது. ஃபைபர் போட வருகிறவர்கள் வாசல் பக்கம் கம்பி நுழைகிற இடத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் அது இரும்பு அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. படிக்கட்டின் கீழ்ச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே மாற்றினோம். அதிலேயே மேல் அறை மைனஸ் 72-க்கு வந்தது. ஃபைபர் இழை கண்ணாடி, நீங்களே மடக்கி இழுக்காதீர்கள். அவர்களைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். ரவுட்டருக்கு வெளியே ஆன்டெனா இருந்தால் ஒன்றை நிமிர்த்தியும் ஒன்றைப் படுக்கவைத்தும் பாருங்கள். நிமிர்ந்த ஆன்டெனாவின் அலை பக்கவாட்டில்தான் அதிகம் பரவும், தலைக்கு மேலே குறைவு.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. சுற்றிலும் கெஸ்ட் ஹவுஸ்கள், ஒவ்வொன்றிலும் வைஃபை. ரவுட்டர் செட்டிங்கில் 2.4-இன் சானலை, அதாவது அந்த அலைவரிசைக்குள் இருக்கும் தனித் தடத்தை, ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைந்ததாகப் பார்த்து வையுங்கள்.

இதற்கு மேலும் வேண்டுமென்றால் எல்லோரும் ரிப்பீட்டரை, அதாவது வைஃபையை வாங்கித் திருப்பிப் பரப்பும் பெட்டியை, வாங்கச் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். அது கீழிருந்து வாங்குவதும் மேலே கொடுப்பதும் ஒரே அலைவரிசையில் என்றால் வேகம் பாதியாகும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் சிக்னல் இல்லாத அறைக்குள் வைக்காதீர்கள், படி முடிகிற இடத்தில் வையுங்கள். பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் இதைவிட நல்லது, ஆனால் அதற்கும் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே சிலாப் நின்றால் அதே கதைதான்.

சரியான தீர்வு ஒரு கேபிள். கீழே இருக்கும் ரவுட்டரிலிருந்து கேட் 6 லேன் கேபிளை மேலே கொண்டுபோய் அங்கே ஓர் ஆக்சஸ் பாயின்ட், அதாவது கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் பெட்டி, வைப்பது. ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய ரவுட்டர் இருந்தால் அதையே ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றிப் பயன்படுத்தலாம். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதையே கொடுங்கள், போன் தானே மாறிக்கொள்ளும்.

வாடகை வீடு என்பதால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற டீச்சர். துளை என்றதும், “சிலாப்பில மட்டும் ஓட்டை போட்டுடாதீங்க தம்பி, மாரி மழைக்கு ஒழுகும்” என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். ஏசி குழாய்க்கு ஏற்கெனவே சுவரில் போட்டிருந்த துளையைக் காட்டினார். அதன் வழியே வெளிச்சுவரில் ஏற்றி மேல் ஜன்னல் ஓரமாக உள்ளே கொண்டுவந்தோம், மொத்தம் 18 மீட்டர். மேசனையும் வயரிங் செய்பவரையும் இங்கே பாஸ் என்பார்கள். வந்த பாஸ் அரை நாளில் முடித்தார். இப்போது கட்டிலில் மைனஸ் 45.

கேபிள் வாங்கும்போது ஒரு நுனியில் உள்ளிருக்கும் கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே செம்பு நிறம் மாறாமல் இருந்தால் நல்லது. வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு பூசியது, விட்டுவிடுங்கள். வெளிச்சுவருக்கு வெயில் தாங்கும் கறுப்புக் கேபிள் கேளுங்கள். சுவருக்குள் நுழைகிற இடத்துக்குக் கீழே கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு வளைத்து ஏற்றச் சொல்லுங்கள், மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது.

ஃபைபர் இல்லாமல் சிம் போடும் 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு இத்தனை வேலையும் வேண்டாம். ரவுட்டரையே மேல் மாடி ஜன்னலுக்குக் கொண்டுபோய் விடுங்கள். டவர் சிக்னலும் அங்கேதான் நன்றாகக் கிடைக்கும்.

பிளக் விஷயம்: பழைய வீடுகளில் நம் ஊர் மாதிரி உருண்டைப் பின், புதியவற்றில் சதுரப் பின் 13 ஆம்பியர். சதுரப் பின் சாக்கெட்டில் குச்சி செருகித் திறந்து ஊர் அடாப்டரை ஆடவிட்டு ஓட்டாதீர்கள், கன்வெர்ட்டர் வாங்குங்கள். கரண்ட் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்றால் 12 வோல்ட் சிறு யூபிஎஸ் ஒன்று ஃபைபர் பெட்டிக்கு, இன்னொன்று மேல் பெட்டிக்கு. ஒன்றுக்கு மட்டும் வைத்தால் பயனில்லை. மின்னல் அதிகமான ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டதும் வெளியே ஓடும் லேன் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக உப்புக்காற்று. போன வருடம் மேல் அறையில் வேகம் திடீரென்று பத்தில் ஒன்றாகிவிட்டது. ஜன்னல் ஓர முனையைக் கழற்றினால் தங்க நிறமாக இருக்க வேண்டிய ஊசிகளில் பச்சை பூத்திருந்தது. முனையை வெட்டிப் புதிது அடித்ததும் பழைய வேகம் வந்தது. கேபிள் போடும்போதே இரண்டு முனையிலும் ஒரு முழம் மிச்சம் விட்டு வையுங்கள், இப்படி வெட்டிக்கொள்ள உதவும்.