மேனேஜர் முதலில் வாயைத் திறந்தால் மீட்டிங் அதோடு முடிந்தது

திருப்பூரில் ஒரு ஏற்றுமதிப் பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை பார்க்கிறேன். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கென்று 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டம் கொண்டுவந்த பணிக்குழு, அதாவது தொழிலாளரும் நிர்வாகமும் சேர்ந்து உட்காரும் குழு, எங்களிடமும் உண்டு. தொழிலாளர் பக்கம் நிர்வாகத்தைவிட ஆள் குறையக் கூடாது என்பது அதில் விதி. தலைக் கணக்கு சரியாகத்தான் இருக்கும். பேசுவது மட்டும் ஒரு பக்கம்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு ஷிப்மெண்ட் நெருக்கடி. புரொடக்‌ஷன் மேனேஜர் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்ததுமே, "இந்த வாரம் நைட் ஓட்டிரலாம், என்னம்மா சொல்றீங்க?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் ராத்திரி செக்கிங் டேபிளில் பாதி இடம் காலி. மேனேஜருக்குக் கோபமான கோபம். எனக்கு அந்தப் பெண்கள் மேல் வருத்தமே வரவில்லை. முடிவை அவர் சொல்லிவிட்டுத்தானே கேள்வி கேட்டார்?

அடுத்த கூட்டத்தில் அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கடைசியாகப் பேசச் சம்மதிக்க வைத்தேன். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. நைட் வருவதில் என்ன சிரமம் என்று மட்டும் எழுதச் சொன்னோம், பெயர் வேண்டாம். எழுத வராதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி எழுதிக்கொண்டார்கள். சீட்டைக் கலக்கிப் போட்டு நானே வாசித்தேன். ஏறக்குறைய எல்லாச் சீட்டிலும் ஒரே விஷயம்: வேன். அது மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது, அங்கிருந்து ஊருக்குள் இருட்டில் தனியாக நடக்க வேண்டும். மேனேஜர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அவரே, நைட் வேண்டாம், ஞாயிறு மதியம் வரை ஓட்டலாமா என்று கேட்டார். இந்த முறை டெய்லர் அக்கா ஒருவர், "சமைச்சு வெச்சுட்டு வரணும், ஒன்பது மணிக்கு ஆரம்பிங்க சார்" என்று திருத்தினார். ஒன்பதுக்கே ஆரம்பித்தோம். சரக்கு நேரத்துக்குப் போனது.

*

திருப்பூர் அக்கா, நான் கோவையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எங்களுக்கு மீட்டிங் என்பதே ஒரு நிமிஷம்தான். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல், மொத்தம் 19 அம்சம். கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் நின்று பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். இதெல்லாம் சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. நான் நினைக்கவில்லை. ஒரு தடவை வாய் திறந்து தன் பெயரைச் சொன்ன பொண்ணுக்கு அடுத்த வார்த்தை சுலபமாக வருகிறது.

ஒரு நாள் முந்தைய கேஸ் இழுத்துவிட்டது. பட்டியலில் "ஆன்டிபயாடிக் கடந்த 60 நிமிடத்துக்குள் கொடுத்தாச்சா?" என்ற இடம் வந்ததும், புதிதாகச் சேர்ந்த பிள்ளை, "கொடுத்து ஒரு மணி நேரம் தாண்டிருச்சு சார்" என்றாள். சீஃப் சர்ஜன் கையை இறக்கிவிட்டுக் காத்திருந்தார். மயக்க மருந்து டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கொடுக்க ஏற்பாடு செய்தார். இந்தப் பட்டியலை டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009இல் ஆய்வு வெளிவந்தது. அந்தக் குறைவில் இப்படி வாய் திறந்த பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

*

நான் சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். எங்கள் டீம் மீட்டிங்கில் முதல் பத்து நிமிஷம் யாரும் பேசுவதில்லை, எழுதி வைத்த குறிப்பை வாசிக்கிறோம். அமேசானில் 2004இல் பவர்பாயிண்ட்டை நிறுத்திவிட்டுத் தொடங்கிய பழக்கம் இது. புதியவர்களும் ஓரத்தில் கருத்து எழுதிவிடுகிறார்கள், அது நன்றாகவே நடக்கிறது. ஆனால் கடைசியில் முடிவெடுப்பது யார் என்று முன்கூட்டியே சொல்லாததால் அதே குறிப்பு அடுத்த வாரமும் வருகிறது. திருப்பூர் தோழி, சீட்டு வாசித்த பிறகு உங்கள் மேனேஜருக்குச் சம்மதமில்லாத விஷயம் வந்தால் அங்கே கடைசி வார்த்தை யாருடையது? அதை எங்கே எழுதி வைக்கிறீர்கள்?